அக்கா வீட்டுக் கரண்ட் அடுப்பு

1

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த அன்று எங்கள் வீட்டு அடுப்பில் தீப்பிடித்தது. அதைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு நாலு பக்கம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு தெரிந்தது, நான் இன்னும் பயப்படுவது அந்த அடுப்பை நினைத்து அல்ல. கும்மிடிப்பூண்டி பக்கம் ஆரம்பாக்கத்தில் என் அக்கா வீட்டில் இருந்த இன்னொரு அடுப்பை நினைத்து. இரண்டையும் சொன்னால்தான் ஒன்று புரியும்.

என் பெயர் குணசேகரன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருட்டாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். மனைவி கலை செவிலியர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்ததால் வந்தோம். வரும்போது மகள் இனியாவுக்கு மூன்று வயது. இப்போது பன்னிரண்டு. நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறேன். படித்த வேலையை இங்கே செய்ய முடியாது. என் சான்றிதழை அனுப்பி, அது செல்லுமா என்று கேட்டு எழுதினேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதில் ஒரு பத்தி எனக்குப் புரிந்தது: நான் படித்தது இங்கே படிப்பதற்குச் சமம் இல்லை.

இங்கே வாடகை வீட்டில் பெரும்பாலும் அடுப்பு இருக்காது. நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். கறுப்புக் கண்ணாடிப் பலகை, அதில் நான்கு வட்டம். குமிழ் கிடையாது, கண்ணாடியின் மேலேயே கூட்டல் குறி, கழித்தல் குறி. விரலால் தொட வேண்டும். தீ தெரியாது. சமையல் முடிந்து அணைத்த பிறகும் அரை மணி நேரம் சூடு இருக்கும். அது ஆறும்வரை ஓரத்தில் ஒரு சிறு சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருக்கும். அந்த எழுத்தைப் பார்க்காமல் கை வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளாத தமிழர் வீடு இந்த ஊரில் இல்லை.

அந்த அடுப்பை நானே மாட்டியிருக்க முடியும். ஐந்து கம்பி, அவ்வளவுதான். ஆனால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வந்துதான் மாட்ட வேண்டும் என்றார்கள். அவன் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை ரொட்டியும் தயிரும்தான். வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டு, ஒரு கருவியை வைத்து நிதானமாக அளந்தான். எர்த் சரியாக இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டேன். ஊரில் இதற்குள் நான் ஒரு வீட்டுக்கே ஒயரிங் முடித்திருப்பேன் என்று கலையிடம் பெருமையாகச் சொன்னேன்.

உண்மைதான். முடித்திருக்கிறேன்.

2

அன்று எனக்குப் பகல் வேலை. கலைக்கும் பகல் வேலை. இனியா பள்ளி விட்டு ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். தானே கதவைத் திறந்துகொண்டு ரொட்டி எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வாள். அடுப்பைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒன்று இருபதுக்கு என் போன் அடித்தது.

"அப்பா, புகை வருது. நிறைய வருது."

அவள் குரலில் அழுகை இல்லை.

"எங்கேயிருந்து?"

"அடுப்பிலேருந்து. நான் ஒண்ணும் பண்ணல அப்பா. பாயசம் பண்ணலாம்னு..."

"அமத்து! மொதல்ல அடுப்ப அமத்து!"

எங்கள் பக்கத்தில் அடுப்பை அணைப்பதற்கு அப்படித்தான் சொல்வோம். என் அம்மா சொன்னது, அக்கா சொல்வது. அவசரத்தில் வாயில் அதுதான் வந்தது. இனியாவுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்த தமிழில் 'அமுத்து' என்று ஒரு சொல் இருக்கிறது. அழுத்து என்று பொருள். அப்பா அழுத்தச் சொல்கிறார் என்று நினைத்து, கண்ணாடியில் இருந்த கூட்டல் குறியை அழுத்தினாள். நான் "அமத்து, அமத்து" என்று கத்தக் கத்த அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆறில் இருந்த சூடு ஒன்பதுக்குப் போனது.

"அப்பா, நெருப்பு" என்றாள். போன் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக் கூரையில் இருக்கும் புகை மணி அலறுவது மட்டும் கேட்டது.

வேலை உடுப்போடு வெளியே ஓடினேன். பேருந்தில் பதினான்கு நிமிடம். அந்தப் பதினான்கு நிமிடமும் என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்ல முடியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் தொப்பியில் இருந்த நூல் பந்து மட்டும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் தெருவில் தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. இனியா எதிர்வீட்டு பரானின் கோட்டைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காயமும் இல்லை. அவளைக் கட்டிக்கொண்டபோது அவள் தலைமுடியில் கருகிய பிளாஸ்டிக் வாசனை அடித்தது.

நடந்தது இதுதான். ஒன்பது வருட நிறைவுக்கு எங்களுக்குத் தெரியாமல் சேமியா பாயசம் செய்து வைக்க நினைத்திருக்கிறாள். சேமியா இருந்த பிளாஸ்டிக் டப்பாவை அடுப்பின் பின்வட்டத்தின் மேல் வைத்துவிட்டாள். வாணலியை முன்வட்டத்தில் வைத்து நெய் விட்டாள். ஆனால் அவள் விரல் தொட்டது பின்வட்டத்தின் குறியை. அடுப்பு மேடையில் இடம் இல்லாதபோது ஆறிய அடுப்பின் மேல் டப்பா, பாட்டில், துணி என்று வைப்பது என்னுடைய பழக்கம். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பரான் பேருந்து ஓட்டுபவர். அன்று வீட்டில் இருந்தார். மணிச் சத்தம் கேட்டு வந்து, முதலில் பிள்ளையை வெளியே தள்ளி, மின்பெட்டியில் அடுப்பின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டு, ஈரத் துண்டை எறிந்து தீயை மூடியிருக்கிறார். சூடான கண்ணாடியில் ஈரம் பட்டதும் அது மூலைக்கு மூலை விரிசல் விட்டுவிட்டது.

தீயணைப்புக்காரர்கள் பத்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். குழந்தை தனியாக இருந்தாளா, எத்தனை வயது, எவ்வளவு நேரம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். அவர்கள் போனதும் வீட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஜெர்மன் மொழியில் அடுப்புக்கு 'ஹெர்ட்' என்று பெயர். இதயத்துக்கு 'ஹெர்ட்ஸ்'. "என் ஹெர்ட்ஸ் உடைந்துவிட்டது, புகை வந்தது, இப்போது நின்றுவிட்டது" என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண் மிகவும் மென்மையாக, "நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

இனியா பக்கத்தில் இருந்து திருத்தினாள். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

3

மணி மூன்று இருக்கும். சமையலறையில் எல்லாச் சன்னலும் திறந்திருந்தது. இனியா குற்ற உணர்வில் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்து அந்த விரிசல் விட்ட கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

"தொடாதே!"

நான் கத்தியதில் துணி அவள் கையிலிருந்து விழுந்தது.

"அப்பா, பரான் சுவிட்ச் எல்லாம் அணைச்சிட்டாரே."

"அணைச்சிருந்தாலும் தொடாதே. கண்ணாடி விரிசல் விட்டா தண்ணி உள்ள இறங்கும். உள்ள கரண்ட் இருந்தா அந்தத் தண்ணி வழியா உன் கைக்கு வரும். விரிசல் விட்ட அடுப்பு செத்த அடுப்பு. புரியுதா?"

"அப்பா, கரண்ட் தொட்டா எப்படி இருக்கும்?"

"சுர்ருனு இழுக்கும்" என்றேன்.

அந்தச் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் நான் நின்றுவிட்டேன். அதே சொல்லை மூன்று வாரத்துக்கு முன் யாரோ என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

போனை எடுத்துத் தேடினேன். அக்காவின் குரல் பதிவு.

"டேய் குணா, நீ அனுப்பிச்ச அடுப்பு சூப்பரா கீதுடா. வேலைக்குப் போய் வந்து சட்டுனு வடிச்சிட்றேன். ஆனா ஒண்ணு, குண்டானத் தொட்டா சுர்ருனு இழுக்குது. ரெண்டு நாளா மழ வேற, தரையெல்லாம் ஒரே ஈரம். அதான் இன்னான்னு தெரில. நீ கரண்ட்டு வேல தெரிஞ்சவனாச்சே, இன்னா பண்றதுன்னு சொல்லு."

அதற்குக் கீழே என் பதில். "செருப்பு போட்டுக்கோக்கா." பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சி. ரொட்டித் தொழிற்சாலையில் இடைவேளையில், காபி குடித்துக்கொண்டே அனுப்பியது.

அந்தப் பதிவை இன்னொரு தடவை கேட்டேன்.

4

என் அக்கா அமுதா. என்னை விட ஏழு வயது மூத்தவள். எங்கள் அம்மாவும் நைனாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் கம்பெனி வேலைக்கு முதலில் போனவள் அக்காதான். எனக்கு ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவள்தான். இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கேன்டீனில் வேலை. மாமா லாரி ஓட்டுகிறார். நெல்லூர், விஜயவாடா என்று போனால் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். பிள்ளைகள் இல்லை. பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பாள்.

கேஸ் தீர்ந்தால் அடுத்த சிலிண்டர் வர நாலு நாள் ஆகிறது என்று ஒருநாள் சொன்னாள். நான் இங்கிருந்தே ஆன்லைனில் இந்தியக் கடை ஒன்றில் ஒரு மின் அடுப்பை வாங்கி அவள் வீட்டுக்கு அனுப்பினேன். இண்டக்ஷன் அடுப்பில் அவளுடைய அலுமினியக் குண்டான் வேலை செய்யாது. அதனால் எந்தப் பாத்திரமும் வைக்கக்கூடிய, காயில் என்கிற கம்பிச்சுருள் சூடாகிற அடுப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். முழு உடம்பும் எவர்சில்வர். பார்க்க அழகாக இருந்தது.

எவர்சில்வர் உடம்புக்கு எர்த் வேண்டும். உள்ளே கரண்ட் கசிந்தால் அது உடம்பில் ஏறும். எர்த் இருந்தால் தரைக்குள் போய்விடும். இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும். பிளக்கில் பெரிதாக இருக்கும் மூன்றாவது பின் அதற்குத்தான்.

அக்கா வீட்டுச் சமையலறையில் மூன்று துளை உள்ள பாயிண்ட் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் நான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மறுநாள் காலை புதுமனைப் புகுவிழா. சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிய வேண்டும், ஃபேன் ஓட வேண்டும். எர்த் குழி தோண்டி, கம்பி இழுத்து வர ஒரு நாள் ஆகும். "இதை அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லி இரண்டு ஒயரை மட்டும் முறுக்கி மாட்டி, மூடியைத் திருகிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு மிக்ஸி தவிர எதுவும் அந்த பாயிண்டில் மாட்டப்படவில்லை. மிக்ஸிக்கு பிளாஸ்டிக் உடம்பு.

இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. நான்கு வருடம் கழித்து உருட்டாலையில் ஒரு மழைநாள் காலை, என்னோடு வேலை செய்த ஏழுமலை சாணை பிடிக்கும் இயந்திரத்தில் கை வைத்தான். எர்த் கம்பி பிடுங்கிக்கொண்டு கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. அவனால் கையை எடுக்க முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தான். நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்காது.

அன்று மாலை ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அக்கா வீட்டு பாயிண்ட் என் நினைவுக்கு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போய் எர்த் இழுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு ஏதோ வேலை. அடுத்த ஞாயிறும் ஏதோ வேலை. பிறகு கல்யாணம், குழந்தை, விசா. ஒன்பது வருடத்துக்கு முன் விமானம் ஏறிவிட்டேன்.

5

ஜெர்மனியில் மூன்று மணி என்றால் அந்த மாதத்தில் ஊரில் மாலை ஆறரை. அக்காவுக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். கம்பெனி வாசலில் கொடுத்து வைத்த போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். மணிச் சத்தத்தை வைக்க மாட்டாள். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி ஆரம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்க ஏழு ஆகும். வந்ததும் உலை வைப்பாள். உலை கொதிப்பதற்குள் பின்கட்டுக்குப் போய்க் குளிப்பாள். குளித்த ஈரக் காலோடு வந்து குண்டானைப் பிடித்துக் கஞ்சி வடிப்பாள்.

ஊரில் ஏழு தாண்டும்வரை இருபத்திரண்டு தடவை கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது.

"அத்தைக்கு என்ன ஆச்சு?" என்று இனியா கேட்டாள். நான் மறுபடி அக்காவின் எண்ணை அழுத்தினேன். சொன்னால் அது நடந்துவிடும் போல இருந்தது.

ஆரம்பாக்கத்தில் இருக்கிறவர்களில் ஏழுமலையின் எண் மட்டும்தான் என்னிடம் இருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பேசி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டாவது மணியில் எடுத்தான்.

"டேய் குணா! இன்னாடா, திடீர்னு? ஊருக்கு வர்றியா?"

"ஏழுமல, எங்கேடா கீற? கடையிலயா? வண்டி கீதா? ஒடனே எங்க அக்கா ஊட்டுக்குப் போடா. இப்பவே போ."

"இன்னாடா ஆச்சு? ஏன்டா மூச்சு வாங்குற?"

"அடுப்புல ஷாக் அடிக்குதுடா. எர்த் இல்ல. அக்கா போன் எடுக்கல. நீ போய் மொதல்ல வெளிய கீற மெயின ஆஃப் பண்ணு. அப்பறமா உள்ள போ. எதையும் தொடாத."

அவன் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷாக் என்ற சொல் அவனுக்குப் போதும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான். நான் இங்கே காதில் போனை அழுத்திக்கொண்டு இருந்தேன். வண்டிச் சத்தம். மழைத் தண்ணீரில் சக்கரம் போகும் சத்தம். ரயில் ஊதும் சத்தம். வண்டி நின்றது.

"அக்கா! அமுதாக்கா!"

பதில் இல்லை.

"கதவு உள்ள தாப்பா போட்டுக் கீதுடா. லைட்டு எரியுது." நடக்கும் சத்தம். "ஜன்னல் வழியாப் பாக்கறேன். அடுப்பு எரிஞ்சிக்கினு கீது. குண்டான் கொதிக்குது. அக்காவக் காணோம்."

"கீழ பாரு. தரையில பாரு." அது என் குரல் மாதிரியே இல்லை.

"தெரில குணா. ஜன்னல் மேல கீது. தரை தெரில."

"மெயின இறக்குடா!"

டப் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. இனியா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நகம் பதிந்தது கூட எனக்குத் தெரியவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. நான்கைந்து மூச்சு இருக்கலாம். அதற்குள் நான் அக்காவுக்கு எல்லாச் சடங்கும் செய்து முடித்துவிட்டேன்.

"எவன்டா அது கரண்ட்டப் புடுங்கனது? ஒரு மனுஷி குளிச்சிட்டு வரக் கூடாதா?"

தூரத்தில், வீட்டின் பின்பக்கத்திலிருந்து, அக்காவின் குரல்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். இனியா பயந்துபோய், "அத்தை செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, திட்றா" என்றேன்.

6

ஏழுமலை டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனான். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தான். அக்காவின் மணிக்கட்டில் கட்டு இருந்ததை அவன்தான் பார்த்திருக்கிறான்.

"இது இன்னாக்கா?"

"ஒண்ணுமில்லப்பா, வழுக்கி உழுந்துட்டேன்."

"வழுக்கியா?"

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன வாரம் கஞ்சி வடிக்கறப்போ தூக்கி அடிச்சிடுச்சி. செவுத்துல போய் மோதிக்கினேன். குணா கிட்ட சொல்லாத. அங்க தூரமா கெடந்து பயப்படுவான்."

"நான் லைன்லதான் கீறேன்கா" என்றேன்.

வளையல் சத்தம் கேட்டது, கட்டை முந்தானையில் மறைத்திருப்பாள்.

"செருப்பு போட்டுக்கச் சொன்னேனே?"

"சாமி படம் மாட்டிக் கீற எடத்துல செருப்போடவா நிப்பாங்க? பேசறான் பாரு."

திருப்புளி திருகும் சத்தம் கேட்டது. ஏழுமலை பாயிண்டைக் கழற்றுகிறான்.

"குணா, ரெண்டு ஒயருதான்டா கீது. எர்த்து போடவே இல்ல. எந்தப் பாவிடா இந்த வேலயப் பண்ணது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொன்னாள்.

"அது எப்பவோ யாரோ ஒரு ஆளுப்பா. அவன் செத்தே பூட்டான்."

அப்படியே விட்டிருக்கலாம். அக்கா எனக்காகத் திறந்து வைத்த வழி அது. ஆனால் அந்த மடங்காத இரண்டு விரல்களோடு அவன் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டிருப்பான் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"ஏழுமல, நான்தான்டா அது. ஊடு கட்டறப்போ நான்தான் போட்டேன். அப்புறம் போடலாம்னு உட்டுட்டேன். உனக்கு அடிபட்ட அன்னிக்குக் கூட ஞாபகம் வந்துச்சி. அப்பவும் போடல."

திருப்புளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றான். "மூடியத் தொறந்தவொடனே தெரிஞ்சிக்கினேன். ஒயர இடது பக்கமா முறுக்கறவன் மில்லுல நீ ஒருத்தன்தான். நீ சொல்றியான்னு பாத்தேன்."

பிறகு அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் அதுவரை அடுப்பைத் தொட வேண்டாம் என்றும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமலை கடப்பாறையோடு வந்தான். வீட்டின் பக்கவாட்டில் குழி தோண்டி, கம்பியை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, அங்கிருந்து பச்சை ஒயரைச் சமையலறைக்கு இழுத்தான். கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் தானாக விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் மாட்டினான். அடுப்பைத் திறந்து பார்த்தபோது உள்ளே பொங்கி வழிந்த கஞ்சி இறங்கிக் காய்ந்திருந்தது. அதோடு அக்கா தினமும் அதைக் குழாயில் காட்டிக் கழுவியும் இருக்கிறாள். பாத்திரம் கழுவுவது போல. கழுவக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த தாளில் தமிழ் இல்லை. வாங்கி அனுப்பிய நானும் சொல்லவில்லை. காயிலுக்குப் போகும் ஒயரின் உறை பழுதாகியிருந்ததால் அதை மாற்றினான்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் மின் அடுப்பு இருந்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்றாவது துளையில் எர்த் வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துளை இருப்பதால் எர்த் இருக்கும் என்று நம்பாதீர்கள். என்னைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிளக்கின் பெரிய பின்னை வெட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். அதன் மெல்லிய ஒயர் சூடாகி உருகும். துடைக்க வேண்டுமானால் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். கண்ணாடி அடுப்பாக இருந்தால் ஆறியிருந்தாலும் அதன் மேல் ஒன்றும் வைக்காதீர்கள்; சிறு விரிசல் என்றாலும் அதோடு அந்த அடுப்பு முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுர்ரென்று இழுத்தால் அது எச்சரிக்கை. அதற்குச் செருப்பு மருந்து அல்ல. அன்றே நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டார்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தார்கள். எவர்சில்வர் அடுப்பு பளபளவென்று தெரிந்தது. என் பக்கத்தில் கலையும் இனியாவும். ஏழுமலை மீட்டரை வைத்து அளந்து என்னிடம் காட்டினான். பிறகு அடுப்பைப் போட்டு, குண்டானில் தண்ணீர் வைத்து, தன் புறங்கையை அடுப்பின் உடம்பில் வைத்தான். விரல் மடங்காத அந்தக் கையேதான். வைத்து, எடுத்து, மீண்டும் வைத்தான்.

"ஒண்ணும் இல்ல. அக்கா, நீ தொட்டுப் பாரு."

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூன்று வாரம் ஷாக் வாங்கியும் தினமும் அதில் சோறு வடித்தவள், இப்போது ஒரு அடி பின்னால் போனாள். பிறகு நேராகப் போனைப் பார்த்தாள்.

"குணா சொன்னாத்தான் தொடுவேன். சொல்லுடா. தொடட்டுமா?"

மீட்டர் காட்டியதைப் பார்த்தேன். ஏழுமலை தொட்டதைப் பார்த்தேன். படித்த படிப்பெல்லாம் சரி என்றது. இருந்தும், இன்னொரு தடவை அள என்றேன்; அளந்தான். கலை என் தோளைத் தொட்டாள்.

"தொடுக்கா" என்றேன்.

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"டேய்" என்றாள் அக்கா. "தொட்டுக்கினுதான் கீறேன். கண்ணத் தொறந்து பாருடா."